நீர்மட்டத்தில் அரை நொடி

அமெரிக்காவின் தொழில்முறை பாஸ் மீன்பிடிப் போட்டிகளில் சில ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் ஒரு திரையைப் பற்றியது. படகுக்கு முன்னால் நீருக்குள் எது நீந்துகிறது என்பதை அந்தக் கணமே காட்டும் சோனார் கருவி அது. 2018-ல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப்பைக் கொண்டுவந்த பிறகு பந்தயங்களின் போக்கே மாறிவிட்டது. இளம் வீரர்கள் மீனைத் திரையில் தேடிப் பிடித்து, அதன் மூக்குக்கு நேரே ஒரு சிறு ரப்பர் மீனை இறக்கி, அது திரும்பிப் பார்க்கிறதா என்பதையும் திரையிலேயே கவனிக்கிறார்கள். எதிர்ப்பு வலுத்தபோது மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு ஒரு கட்டுப்பாடு போட்டது. 2025 பருவத்தின் பாஸ் புரோ டூர் போட்டிகளில், ஒரு நாளின் மூன்று கட்டங்களில் ஒன்றில் மட்டுமே இந்தக் கருவிக்கு அனுமதி இருந்தது.

மற்ற இரண்டு கட்டங்கள்தான் எனக்கு முக்கியம். திரை அணைந்த பிறகு ஒரு வீரரின் கைக்கு என்ன தெரியும் என்பது அப்போது வெளிப்பட்டுவிடும். அந்தக் கையைச் சோதிக்க, நீர்மட்டத்தில் மிதந்து ஓடும் செயற்கை இரைகளான பழைய டாப்வாட்டர் லூர்களைவிடக் கடுமையான தேர்வு கிடையாது. அவற்றைத் தாத்தா காலத்து நினைவுப் பொருள்களாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய பந்தயக்காரர் கற்றுக்கொள்ள வேண்டிய மிகக் கடினமான ஒரு திறன் இந்த லூர்களில்தான் இருக்கிறது. கண் பார்த்ததற்குக் கை உடனே பதில் சொல்லக் கூடாது என்பதே அந்தத் திறன்.

முதலில் இவற்றின் வயதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் மாநிலத்தின் டொவாஜியாக் ஊரில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெடன், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கி மீன் பிடித்தவர். அவர் குடும்பம் நடத்திய நிறுவனம் 1902 வாக்கில் தொடங்கியது. அங்கே பிறந்த சாரா ஸ்பூக், முதலில் மரத்தில் சாரகோசா என்ற பெயரில் இருந்து, 1939-ல் பிளாஸ்டிக் உடம்பு பெற்றது. ஒஹாயோவின் அக்ரன் நகரில், தூண்டில் வீச்சுப் போட்டிகளில் பெயர் பெற்றிருந்த ஃப்ரெட் ஆர்போகாஸ்ட் 1938-ல் ஜிட்டர்பக்கையும் 1941-ல் ஹூலா பாப்பரையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். இம்மூன்றையும் இன்றும் கடையில் வாங்கலாம். 80 ஆண்டுக்கும் மேலாக ஒரு விளையாட்டுக் கருவி வடிவம் பெரிதாக மாறாமல் விற்பனையில் இருக்கிறதென்றால் அதைப் பழைய ஆசையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

சாரா ஸ்பூக்கை எடுத்துக்கொள்வோம். சுருட்டு வடிவில் 4½ அங்குலம். நீரை அள்ளும் உதடு கிடையாது, சுழலும் தகடு கிடையாது. வீசிவிட்டு நேராகச் சுற்றி இழுத்தால் வெறும் குச்சி மிதந்து வருவதுபோல் வரும். வால்பக்கம் சற்றே தாழ்ந்து மிதப்பதும் முகத்தின் கீழே கண்ணி இருக்கும் இடமும்தான் அதன் சூட்சுமம். தூண்டில் கோலின் நுனியைக் கீழ்நோக்கிச் சிறிதாகச் சுண்டி, சுண்டிய மறுகணமே தூண்டில் நரம்பைத் தொய்ய விட வேண்டும். தொய்வு கிடைத்தால்தான் லூர் ஒரு பக்கமாகச் சறுக்கும். அடுத்த சுண்டலில் மறுபக்கம். இழுப்பது அதை நகர்த்தும், விடுவதுதான் அதை ஆட வைக்கும். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் தடுமாறுவது இந்த விடுதலில்தான். 1970-களில் மிசௌரியின் சார்லி கேம்பல் இந்த இடவல நடையைப் பந்தய உலகத்துக்குப் பரவலாகக் காட்டியபோது, பலர் ஓரங்கட்டிவைத்திருந்த ஸ்பூக் மறுபடி பெட்டிகளுக்குத் திரும்பியது.

கேம்பலின் வட்டாரமான ஓசார்க் மலைப்பகுதியின் டேபிள் ராக், புல் ஷோல்ஸ் போன்ற நீர்த்தேக்கங்கள் ஆழமானவை, தெளிவானவை. அங்கே 20 அடி ஆழத்தில் நிற்கும் மீன்கூட மேலே வந்து ஸ்பூக்கை அடிக்கும். பாஸின் கண்கள் தலையில் உயரமாக அமைந்தவை. வெளிச்சமான மேற்பரப்பின் பின்னணியில் ஊர்ந்து போகும் நிழலுருவம் அதற்கு நன்றாகத் தெரியும். மத்தியின் உறவினமான ஷாட் என்ற சிறுமீன்தான் அந்த நீர்களில் அதன் முக்கிய உணவு. காயம்பட்ட ஷாட் மேற்பரப்பில் தத்தளிக்கும் விதத்தை ஸ்பூக்கின் சறுக்கல் நெருக்கமாக நினைவூட்டுகிறது.

ஜிட்டர்பக் வேறு வகை. முகத்தில் அகலமான இரட்டை மடல் உலோக உதடு. சீராகச் சுற்றினால் போதும், இடம் வலமாகத் தள்ளாடி நீரைக் குடைந்து சத்தம் போட்டபடி ஊர்ந்து வரும். கோடை இரவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான லூரை நான் சொல்ல மாட்டேன். இருட்டில் பாஸ் தன் உடலின் பக்கவாட்டுக் கோட்டால் நீரின் அதிர்வை உணர்ந்து இரையை அணுகுகிறது. தாளம் மாறாமல் வரும் லூரின் அடுத்த இடத்தை அது கணித்துவிட முடியும். நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுத்தால் அந்தக் கணிப்பு கெடும். கறுப்பு நிற ஜிட்டர்பக்கை இரவில் விரும்புவதற்கும் காரணம் உண்டு. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, லேசாக வெளுத்த வானத்தின் முன்னால் அதிகத் துல்லியமாகத் தெரிவது கறுப்பு உருவம்தான்.

ஹூலா பாப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழிந்த முகம், பின்னால் ரப்பர் பாவாடை. ஒரு சுண்டு, ஒரு சத்தம், வளையங்கள் அடங்கும்வரை காத்திருப்பு. அதே வகையில் பின்னால் வந்த ரெபல் நிறுவனத்தின் பாப்-ஆர் கதை இன்னும் சுவையானது. 1970-களில் வந்த அந்தச் சிறு லூரை நிறுவனம் ஒரு கட்டத்தில் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆனால் டெக்சஸின் ஸெல் ரோலண்ட் உள்ளிட்ட சில பந்தய வீரர்கள் பழைய சரக்கைத் தேடிச் சேர்த்து, உப்புத்தாளால் தேய்த்து உடம்பை மெலிதாக்கி, யாரிடமும் அதிகம் பேசாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் கசிந்து தேவை பெருகியதும் 1980-களில் அது மறுபடி உற்பத்திக்கு வந்தது. பட்டியலிலிருந்து நீக்கியவர்களைவிட அதைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி, கண் பார்ப்பதற்கும் கை எழுவதற்கும் இடையிலான அந்த அரை நொடிக்கு வருகிறேன். பாஸ் இரையைக் கவ்விக் கடிப்பதைவிட உறிஞ்சுவதே அதிகம். வாயைத் திடீரென அகலத் திறக்கும்போது நீரோடு சேர்ந்து இரை உள்ளே போகிறது. நீருக்குள் மூழ்கியிருக்கும் லூருக்கு இது எளிது. பாதி உடம்பு காற்றில் இருக்கும் மிதவை லூர் அத்தனை சுலபமாக உள்ளே போவதில்லை. நீர் வெடித்துச் சிதறும் கணத்தில் லூர் மீனின் வாயில் இருக்கலாம், உதட்டின் ஓரத்தில் இருக்கலாம், அரை அடி தள்ளியும் இருக்கலாம். மீன் வாயை மூடித் திரும்பிக் கீழே இறங்கும்போதுதான் முள் பதிய இடம் கிடைக்கிறது. ஆழத்தில் மீன் பிடிப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கையில் பாரம் தெரிந்த பிறகுதான் அவர் சுண்டுவார், ஏனென்றால் அதற்கு முன் அவருக்கு எதுவுமே தெரியாது. மேல்மட்டத்தில் கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. சத்தம் வேறு நெஞ்சை உலுக்குகிறது. கை தானாக எழும்புகிறது, லூர் மீனின் வாயிலிருந்து பறந்து படகை நோக்கி வருகிறது. சுழற்பந்தைக் கடைசிவரை பார்த்துத் தாமதமாக ஆடும் மட்டையாளரின் நிதானம்தான் இங்கே வேண்டியது. பாரம் கையில் ஏறும்வரை நரம்பைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதன்பிறகுதான் கோல் எழ வேண்டும்.

ஒருநாள் கணக்கில் மிக எடைகூடிய ஐந்து மீன்களை மட்டும் சேர்க்கும் பாஸ்மாஸ்டர் வகைப் பந்தயங்களில், அவசரத்தால் தவறிய ஒரு பெரிய மீன் ஒரு வீரரை மேடையிலிருந்து கீழே இறக்கிவிடும். அதனால் கோலையும் நரம்பையும் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த லூர்கள் கொடிகட்டிப் பறந்த 1950-கள், 60-களில் கண்ணாடியிழைக் கோல்களும் நைலான் நரம்பும்தான் வழக்கம். இரண்டும் வளைந்து கொடுக்கும், நீளும். வீரர் சற்று முந்திச் சுண்டினாலும் அந்த அவசரத்தைக் கருவியே பாதி விழுங்கிவிடும். 1970-களில் கார்பன் இழைக் கோல்கள் வந்தன, பிறகு அநேகமாக நீளாத பின்னல் நரம்பு வந்தது. இரண்டும் அருமையான கண்டுபிடிப்புகள். ஆனால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஸ்பூக்கை வீசுபவரின் அவசரம் நேராக முள்ளுக்குப் போய்விடுகிறது. மென்மையாக வளையும் கோல், பின்னல் நரம்பின் முன்னால் சில அடி நைலான் என்ற ஏற்பாட்டை இன்று பல தொழில்முறை வீரர்கள் விரும்புவது இதனால்தான். ஃப்ளோரோகார்பன் நரம்பு இதற்கு ஆகாது. அது மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

இவை எல்லா நேரத்துக்கும் உரிய ஆயுதம் என்று நான் வாதிடவில்லை. நீரின் வெப்பம் சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் மீன் மேலே வர மிகவும் தயங்கும். வெயில் உச்சிக்கு ஏறிய தட்டையான நண்பகலிலும் பலன் குறைவு. காற்று அலையைக் கிளப்பிவிட்டால் ஸ்பூக்கின் நடை அலையில் கரைந்துபோகும், அங்கே இரு முனையிலும் தகடு சுழலும் ஸ்மித்விக் டெவில்ஸ் ஹார்ஸ் போன்றவை பரவாயில்லை. மூடுபனிக் காலையும் மேகம் கவிந்த நாளும் முட்டையிடும் பருவம் முடிந்து ஆண் மீன்கள் குஞ்சுகளைக் காவல் காக்கும் வாரங்களும்தான் இவற்றின் பொற்காலம்.

நம் ஏரிகளில் விரால் பிடிப்பவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரியாது. தாமரை இலைகளுக்கு நடுவே ரப்பர் தவளையை இழுப்பவர்கள், விரால் அடித்த உடனே சுண்டாமல் அது தவளையை வாய்க்குள் கொண்டுபோக நேரம் கொடுக்கிறார்கள். மீன் வேறு, நீர் வேறு, ஆனால் கை கற்க வேண்டியது அதேதான்.

பாஸ் போட்டிகளின் நேரலையை இணையத்தில் பார்ப்பவர்கள் அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். நீர் வெடிக்கும் கணத்தில் மீனைப் பார்க்காமல் வீரரின் மணிக்கட்டைப் பாருங்கள். மீன் தவறிய பிறகும் நடை பிசகாமல் லூரை ஓட்டிக்கொண்டே போகிறாரா, அல்லது பதறி நிறுத்துகிறாரா என்றும் பாருங்கள். அடித்துத் தவறிய மீன் பல நேரம் அங்கேயே நின்று மறுபடி அடிக்கும். வரவில்லையென்றால், பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் இரண்டாவது கோலால் எடை கட்டாத ஒரு ரப்பர் இரையை அதே வளையத்துக்குள் மெல்ல மூழ்க விடுவார்கள் கைதேர்ந்தவர்கள்.