கிட்டார் பிரசன்னா

பிரசன்னா கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் கலைஞர், இசையமைப்பாளர். ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். பின்னர் அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் பயின்றார். திருவாரூர் பாலசுப்பிரமணியம், வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரி ஆகியோர் இவருடைய கர்நாடக இசை ஆசிரியர்கள்.

இசைப்பணி

ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ (2006) என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் இணைந்து வாசித்த தொகுப்பு ‘தீர்த்தா’ (2011). 2009-இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசையமைத்தார். சென்னைக்கு அருகே 2010-இல் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைக் கல்வி நிறுவனத்தின் தலைவராகப் பணியாற்றினார்.

கிட்டாரும் கமகமும்

வயலினில் விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். ஆகவே அது கர்நாடக இசைக்கு எளிதில் பொருந்தியது. கிட்டாரின் கழுத்தில் உலோகக் கட்டுகள் உள்ளன. ஒவ்வொரு கட்டும் ஒரு சுரத்தை நிறுத்தி வைக்கிறது. கமகமோ சுரங்களுக்கு இடைப்பட்ட அசைவு. வீணையிலும் கட்டுகள் உண்டு. ஆனால் அதில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே கட்டில் பல சுரங்களை எழுப்பலாம். கிட்டாரில் அந்த அளவுக்கு இழுக்க இயலாது. பிரசன்னா இழுப்பையும் விரல் வழுக்கலையும் சேர்த்து இக்குறையைக் கடக்கிறார். கிட்டாரை மடியில் கிடத்தி உருளையால் வாசிக்கும் எளிய வழியை அவர் நாடவில்லை.

மதிப்பீடு

மாண்டலின் ஸ்ரீநிவாஸ், சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத் வரிசையில், அயல் கருவியைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர் பிரசன்னா. அவர்களிடமிருந்து வேறுபடும் இடமும் உண்டு. கிட்டாரின் ராக், ஜாஸ் மரபுகளை அவர் கைவிடவில்லை. அதனால் அவருடைய இசைக்கு இரண்டு தாய்மொழிகள்.

இதில் ஓர் இடரும் இருக்கிறது. மெக்சிகோவில் பிறந்த கார்லோஸ் சந்தானா லத்தீன் தாளங்களையும் ராக் கிட்டாரையும் இணைத்தவர். அவருடைய ‘யூரோப்பா’ (1976) இசைத்துண்டில் ஒரே சுரம் நெடுநேரம் நின்று ஒலிக்கிறது. நம் மரபு இதைக் கார்வை என்கிறது. மின்கிட்டார் கர்நாடக இசைக்குத் தரக்கூடிய பெரிய கொடை இந்த நீண்ட கார்வைதான். பிரசன்னாவின் கலப்பிசையில் வேகமும் கணக்கும் மேலோங்கும்போது ராகத்துக்கு இளைப்பாற இடம் குறைகிறது. கீர்த்தனைகளை நிதானமாக வாசிக்கும்போதே அவருடைய கருவி பாடுகிறது.

ஊட்டியிலும் குன்னூரிலும் தேவாலயப் பாடகர் குழுவுக்காகக் கிட்டார் பழகும் மாணவர்கள் அவருடைய கீர்த்தனைப் பதிவுகளை முதலில் கேட்கலாம். வேகம் பயிற்சியில் வந்துவிடும். சுரத்தை எங்கே நிறுத்துவது என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.