தீ பரவட்டும்: தோற்றவர் பக்கம் உட்கார்ந்து ஒரு வாசிப்பு

எங்கள் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு எழுதியவர் ஜலகண்டாபுரம் ப. கண்ணன், திராவிட இயக்க நாடகாசிரியர். அவருடைய நாடகம் ஒன்றின் பெயர் 'வீரவாலி'. மறைந்து நின்று கொல்லப்பட்டவனை வீரன் என்று கூப்பிடும் தலைப்பு. தறிச்சத்தம் ஓயாத ஊரிலிருந்து இப்படி ஒரு தலைப்பு எப்படி வந்தது என்று தேடிப் போனால், 'தீ பரவட்டும்' என்ற சின்னப் புத்தகத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்கிறது சுயமரியாதை இயக்கம். கூடாது என்கிறார்கள் தமிழறிஞர்கள். சரி, பேசிப் பார்ப்போம் என்று 1943 பிப்ரவரி 9 அன்று சென்னை சட்டக் கல்லூரியில் அண்ணாதுரையும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மேடையேறுகிறார்கள். மார்ச் 14 அன்று சேலம் செவ்வாய்ப்பேட்டை தேவாங்கர் பாடசாலையில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார்.

அந்த இரண்டாவது இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாரதியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர், வயது அறுபதுக்கு மேல். எதிரே இருப்பவருக்கு 33. இடமோ நெசவாளர் சமூகத்தின் பள்ளிக்கூடம். பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தை நியாயப்படுத்தச் சந்தைப்பேட்டைக்கு இறங்கி வந்த நாள் அது. இன்றைக்கு எந்தத் துறைத் தலைவர் வருவார்?

அண்ணாவின் வாதத்தில் எனக்குப் பலமாகத் தெரிவது ஒன்று. கம்பன் மோசமான கவிஞன் என்று அவர் சொல்லவில்லை. நல்ல கவிஞன், அதனால்தான் ஆபத்து என்கிறார். பாட்டு இனித்தால் அதோடு சேர்ந்து கருத்தும் உள்ளே இறங்கிவிடும். இதற்குக் கவிச்சுவையை மட்டும் காட்டிப் பதில் சொல்ல முடியாது. சுவையை எடுத்துச் சொல்லச் சொல்ல எதிராளியின் வாதம்தான் கெட்டிப்படும். அழகை ரசிப்பவர் பாடுகிற ஒவ்வொரு பாட்டும் அண்ணாவுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

ஆனால் இந்த வாதம் தீயில் போய் முடியும் இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. கொளுத்தச் சொல்லும் அளவுக்குக் கம்பனை எதிர்க்க, அண்ணா கம்பனை வரி வரியாகப் படித்திருக்கிறார். அந்தப் படிப்புதான் அவருடைய ஆயுதம். புத்தகம் சாம்பலானால் அடுத்த தலைமுறை எதை வைத்து வாதாடும்?

பதில் எதிர் நாற்காலியிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. பாரதியார் எழுதிய ஆராய்ச்சி நூல் ஒன்றின் பெயர் 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்'. ஊரே ஏசும் கைகேயியை நிமிர்த்தி வைத்து, கண்ணீரோடு சாகும் ராஜாவைக் கூண்டில் ஏற்றுகிற தலைப்பு. காவியத்தைக் காவியத்தை வைத்தே கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'வீரவாலி' என்ற தலைப்பையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். கண்ணன் இருந்த கட்சி அண்ணாவின் கட்சி. ஆனால் கதையை எரிப்பதைவிடத் திருப்பிச் சொல்வது பலமானது என்று அவருடைய நாடகத் தலைப்பே சொல்வதுபோல இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த இருவரும் பிறவிப் பகையாளிகள் இல்லை. 1937–38 இந்தி எதிர்ப்பில் பாரதியார் முன்வரிசையில் நின்றவர். ஐந்தே வருஷத்துக்கு முன்னால் ஒரே பக்கம் நின்றவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து பேசினார்கள்.

'தீ பரவட்டும்' நமக்கு அண்ணாவின் நூலாகவே கையில் கிடைக்கிறது. அதனால் யார் ஜெயித்தார் என்பதை அட்டையைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறோம். நானும் கல்லூரிக் காலத்தில் அப்படித்தான் படித்தேன், கைதட்டுவதற்காக. இந்த முறை பாரதியார் பக்கம் உட்கார்ந்து படித்தேன். அண்ணாவின் கேள்வி அப்போதும் சுட்டது. ஆனால் கம்பனைக் கீழே வைக்க மனசு வரவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்று இப்போது தோன்றுகிறது. நீங்களும் ஒருமுறை நாற்காலி மாறி உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.