மலருக்கு மேல் என்ன?

குயிலாப்பாளையத்தைச் சுற்றிய செம்மண் பிரதேசத்தில் கல்வியைப் பற்றிய இரண்டு சிந்தனைகள் அருகருகே வாழ்கின்றன: ஒன்று, 1943இல் புதுவை அரவிந்தர் ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளியின் வழிவந்து ஆரோவில்லில் வேரூன்றிய, குழந்தையை அதன் சுபாவத்தின் போக்கில் விடும் முறை, மற்றொன்று, அரசுத் தொடக்கப் பள்ளியின் முறை. வயதை மீறி முன்னேறும் குழந்தைக்கு வழிவிடும் விஷயத்தில் பின்னதை அலட்சியமாகப் பேசுவோர், அது ஒரு காலத்தில் செய்த பிரயத்தனத்தை அறியார்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, ரிஷிவேலிப் பள்ளியின் முன்மாதிரியைத் தழுவி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப்படி அட்டவணையில் தான் நிற்கும் படியின் சின்னத்தைக் கண்டுபிடித்து, அதே சின்னம் பொறித்த அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பாயில் போய் அமரும் ஏழு வயதுச் சிறுமியால், கணக்கில் ஒரு வகுப்பு முன்னாலும் தமிழில் தன் வகுப்பிலேயும் ஏககாலத்தில் இருக்க முடிந்தது. இதன் அருமையை உணர, 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்ற ராமாநுஜன், கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்ததை நினைத்தால் போதும். பழைய டபுள் பிரமோஷன் பிள்ளையை முழுசாகத் தூக்கி மேல் வகுப்பில் வைத்தது. ஏணியோ பாடம் பாடமாக ஏற்றிற்று. அதன் தோஷம் வேறு: அட்டையோடு தனித்திருந்த குழந்தைக்கு உபாத்தியாயரின் குரல் அரிதாயிற்று. கதை சொல்ல அட்டைக்கு வாய் ஏது?

கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளை வகுத்தது. பின்தங்கியவர்களுக்கு அது கருணை மிக்க ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டு வயதுக்குள் எல்லோரும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்பதே அதன் லட்சியமாகையால், மலரை எட்டிவிட்டவளைப் பற்றிக் கவலைப்பட அதற்கு அவகாசமில்லை. பயிற்சி நூலை முடித்தவள் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஏவப்படுகிறாள். நல்லதுதான், தினந்தோறும் அதுவே அவள் படிப்பாகிவிடாதவரை.

இங்கேதான் பெற்றோர் வாய் திறக்கவேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கே அளித்திருந்தும், கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அளவுக்கு அங்கே படிப்பு பேசப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம். "வாத்தியாருக்குத் தெரியாததா?" என்று தாய் ஒதுங்கிவிடுகிறாள். கேட்கவேண்டியதோ சிறிது: பெயர் இரண்டாம் வகுப்புப் பதிவேட்டிலேயே இருக்கட்டும், கணக்கு நேரத்துக்கு மட்டும் நாலாம் வகுப்பில் உட்காரவையுங்கள் என்பதே. ஈராசிரியர் பள்ளியில் அதற்கு ஆகும் செலவு, குழந்தை பாய் மாறி உட்காருவதுதான். தலைமையாசிரியர் இசையாவிட்டால், காரணத்தைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதித்தரும்படி விநயமாகக் கேட்கலாம்.