நான்கு மைக்ரோநொடி ஒழுங்கு

1996இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவி, ஆடுபவர் கையிலுள்ள கன்ட்ரோலருடன் ஒரே ஒரு தரவுக் கம்பி வழியாகவே செய்தி பரிமாறுகிறது. கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லத் தனிக் கம்பி இல்லாமையால், கால அளவே அங்கு எழுத்தாகிறது. ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்னும் மிகச் சிறிய தகவல் அலகும், 4 மைக்ரோநொடி நீளமுடையது: மின்னழுத்தம் 3 மைக்ரோநொடி தாழ்ந்து 1 மைக்ரோநொடி உயர்ந்தால் அது 0, 1 தாழ்ந்து 3 உயர்ந்தால் அது 1. எத்தனை சிக்கனமான, எத்தனை அழகிய ஏற்பாடு!

கன்ட்ரோலரின் இடத்தில் ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியை வைத்தால், பன்மடங்கு வேகமுடைய அக்கணினி இந்த எளிய உரையாடலில் தடுமாறுகிறது. அதில் இயங்கும் லினக்ஸ் இயங்குதளம், செயலியைப் பல நிரல்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்தளிப்பதால், விடையனுப்பும் நிரல் இடையில் நிறுத்தப்படக்கூடும் என்பதும், அதற்குள் பல பிட்டுகளுக்குரிய நேரம் கடந்துவிடும் என்பதுமே காரணம். 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ என்னும் சிறு பலகையிலோ, உள்ளீட்டு வெளியீட்டுக்கென்றே அமைந்த 8 நிலைப்பொறிகள், அதாவது சில கட்டளைகளை மட்டும் பிசகாமல் நிறைவேற்றும் சிறு சுற்றுகள், செயலியின் பிற வேலைகளால் பாதிக்கப்படாமல் துடிப்புகளை அளந்து அனுப்புகின்றன. இப்பணிக்கு வேகமான பெரிய பலகையைவிட இச்சிறு பலகையே பொருத்தமானது.