கங்கைக்கரையில் சில சரித்திர நாவல்கள்

வெளிமாநிலத் தமிழர் வீட்டில் தமிழ்ப் புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது அநேகமாகப் 'பொன்னியின் செல்வ'னாகத்தான் இருக்கும். டாக்குரியாவானாலும் சரி, லேக் மார்க்கெட் பக்கமானாலும் சரி, ஐந்து பாகத்தில் ஒரு பாகத்தை யாராவது இரவல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பாக்கி நாலும் அலமாரியில் இருக்கும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை இன்னும் இப்படிக் கைமாறிக்கொண்டிருப்பது சாதாரண விஷயமில்லை.

கல்கியின் சாமர்த்தியம், ராஜாக்களை விட்டுவிட்டு வந்தியத்தேவன், பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் தோளில் கதையை ஏற்றியது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை உடைத்துச் சொல்லாமலே முடித்ததும் பெரிய துணிச்சல். கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரை உடையார்குடிக் கல்வெட்டே சொல்கிறது. இருந்தும் நம்மை இன்றுவரை சண்டை போட வைத்துவிட்டார்! ஆனால் அந்த உலகில் சோழப் படை போன இடத்து ஜனங்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு இடமில்லை. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' (1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது) ஈழத்து இளவரசி ரோகிணியின் மனப் போராட்டத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புகிறது. ஆனாலும் வெற்றியின் தித்திப்பு அதிலும் குறையவில்லை.

தஞ்சாவூரில் உட்கார்ந்து படித்தால் இது உறைக்காது. இங்கே உறைக்கிறது. ராஜேந்திரனின் படை சுமார் 1022–23இல் வந்தது இந்த வங்காளத்துக்குத்தானே. மெய்க்கீர்த்தி இதை மழை ஓயாத நாடு என்கிறது. ஆடி மாதத்தில் கணுக்கால் தண்ணீரில் டாக்குரியா ஸ்டேஷனுக்கு நடந்தவர்கள் எழுதினவரை மெச்சுவார்கள்! கோவிந்தசந்திரன் யானையை விட்டிறங்கி ஓடினான் என்றும், தோற்ற மன்னர்கள் கங்கை நீரைச் சுமந்தார்கள் என்றும் நம் கல்வெட்டும் செப்பேடும் பெருமையாகச் சொல்கின்றன. அந்த நீர் போய்ச் சேர்ந்த ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். இதை ஒரு வங்காளி நண்பரிடம் ஆசையாகச் சொன்னேன். "அவ்வளவு தூரம் வந்தது தண்ணிக்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவர்தான் சரதிந்து பந்தோபாத்யாயின் 'துங்கபத்ராவின் கரையில்' பற்றிச் சொன்னவர். 1965இல் வந்த வங்காள நாவல்; கதை விஜயநகரத்தில், இரண்டாம் தேவராயர் காலத்தில் நடக்கிறது. ஒரு வங்காளி தன் மூதாதையர் யாரும் ஆளாத ஊரைப் பற்றிச் சரித்திர நாவல் எழுதியிருக்கிறார். நாமோ சரித்திர நாவல் என்றாலே நம் கொடி பறந்த இடத்துக்குத்தான் போகிறோம்.

அப்படியானால் நமக்கான சரித்திர நாவல் எது? என்னைக் கேட்டால் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977). சிகந்தராபாத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பையன் சந்திரசேகரன் கல்லூரி மாணவன், கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டு மாட்டையும் கவனிக்கிறான். நிஜாம் அரசு ஆட்டம் காண்கிறது, ரஜாக்கர்கள் வருகிறார்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. இவ்வளவு பெரிய சரித்திரம் அந்தப் பையனுக்குப் பக்கத்து வீட்டுச் சண்டையாகவும் வகுப்பு நடக்காத நாளாகவும்தான் வந்து சேர்கிறது. யார் நம்மவர், யார் அந்நியர் என்று வெளியூர்த் தமிழன் படும் குழப்பத்தை இவ்வளவு சத்தமில்லாமல் எழுதிய நாவல் தமிழில் அபூர்வம். முடிவில் அவன் கலவரத்துக்குப் பயந்து ஒரு வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறான். உள்ளே ஓர் ஏழை முஸ்லிம் குடும்பம் அவனைப் பார்த்து நடுங்குகிறது. மற்றவர்களை விட்டுவிடச் சொல்லி ஒரு சின்னப் பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் வெளியே ஓடிவிடுகிறான். பயந்து வந்தவனைப் பார்த்தே இன்னொருவர் பயப்படுகிறார். படை போன இடத்து ஜனங்களின் முகம் இந்த ஒரு பக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

1947க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து ஜாதவ்பூர்ப் பக்கத்துக் காலனிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் நம் அண்டை வீட்டில் இருக்கிறார்கள். இந்த முடிவை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) வேறு ஜாதி. இரண்டாம் உலகப் போரில் மேடான், பினாங்கு என்று அலையும் பாண்டியன், நேதாஜியின் படையிலும் சேருகிறான். அவன் நினைவில் திரும்பத் திரும்ப எழுவது சோழர் கொடி இல்லை. சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரைத் தெருக்களும். பழம்பெருமைப் பேச்சை அந்த நாவல் கிண்டல் செய்கிற இடங்களில் சிரிப்பு வரும், கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும். நடை முரடு, முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும்.

2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபின் இங்கே பல பிள்ளைகள் சோழர் கதை கேட்கிறார்கள். கேட்கட்டும், கல்கியிலிருந்தே தொடங்கட்டும். கூடவே அசோகமித்திரனையும் எடுத்து வையுங்கள். அளவில் சிறிய நாவல்தான். தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. அதை அந்த வங்காளி நண்பருக்குக் கொடுத்திருக்கிறேன், இன்னும் திருப்பித் தரவில்லை.