சுருதியும் ஹம்மும்

கருவி புதிதாக இருந்தால் கலையும் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கையை நம்மவர்கள் இன்னும் கைவிடவில்லை. கருவியில் மின்சாரம் ஓடினால் ஸங்கீதம் செத்துவிடும் என்ற எதிர் நம்பிக்கையும் அதே உறுதியோடு இருந்து வருகிறது. இரண்டும் கேட்காமல் பேசுகிறவர்களின் நம்பிக்கைகள். மாடுலர் ஸிந்தஸைஸரை வைத்துக்கொண்டு பத்துப் பேர் முன்னால் உட்கார்ந்து கச்சேரி செய்வது பற்றி நான் இங்கே எழுத முற்படுவது, கேட்ட அளவில் மட்டுமே. நான் ஸங்கீதம் பயின்றவனில்லை. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ., வங்கியில் குமாஸ்தா உத்யோகம், இவ்வளவுதான் என் தகுதி.

வடக்குப்பட்டு ஒரகடத்தை ஒட்டிய ஊர். 2022ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்து கற்கருவிகளை எடுத்தபோது, எங்கள் கிளைக்கு வந்தவர்கள் தங்கம் கிடைத்ததா என்றுதான் கேட்டார்கள். ஊரைச் சுற்றி இன்று கார், டிரக், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில் மின் பராமரிப்பு வேலை பார்க்கும் நண்பர், மனைவியின் வளையல்கள் இரண்டை அடகு வைக்க வந்தார். எதற்காகக் கடன் என்று கேட்டேன். "மியூஸிக் சார்" என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை. சொந்தச் செலவு என்று எழுதிக்கொண்டேன். ரிச்சி தெருவில் பொறுக்கிய உதிரிகளையும் எங்கிருந்தோ தருவித்த சர்க்யூட் பலகைகளையும் வைத்து, ஒன்றரை வருஷம் இரவு ஷிஃப்ட் முடிந்த காலைகளில் அவர் பற்ற வைத்துச் சேர்த்த பெட்டி, போன மாதம் அவர் வீட்டு மாடி அறையில் முதல் முறையாகக் கச்சேரிக்கு வந்தது. கேட்க வந்தவர்கள் பதினோரு பேர், அவருடைய மாமியார் உட்பட.

மாடுலர் ஸிந்தஸைஸர் என்பது முழுமையான ஒரு வாத்தியமல்ல. வாத்தியம் ஆகக்கூடிய உறுப்புகளின் கூட்டம். ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர், அந்த ஒலியின் மேல்பகுதியையோ கீழ்ப்பகுதியையோ சீவி எறியும் ஃபில்டர், அளவை ஆளும் ஆம்ப்ளிஃபையர், ஒலி எழுந்து அடங்கும் உருவத்தைத் தீர்மானிக்கும் என்வலப், வரிசையாக வோல்டேஜ்களைக் கொடுத்துக்கொண்டே போகும் சீக்வென்ஸர் என்று தனித்தனிப் பலகைகள். வயர்களைச் செருகி இவற்றை இணைத்தாக வேண்டும். ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஒன்றின் மெதுவான அலைவு இன்னொன்றின் சுருதியை ஆட்டும், மூன்றாவதின் வாயைத் திறந்து மூடும். அறை சூடேறினால் ஆஸிலேட்டர் சுருதியிலிருந்து நழுவும். வாசிக்குமுன் வாத்தியத்தைக் கட்ட வேண்டும். வயர்களைப் பிடுங்கிவிட்டால் அந்த வாத்தியமே இல்லை. வீணை வித்வான் நாளைக்கும் இதே வீணையை எடுப்பார். இங்கே நாளைக்கு வேறு வீணை.

பட்டனைத் தட்டினால் தானே வாசிக்கும் யந்திரம் என்று இதைச் சொல்கிறவர்கள் இதைப் பார்த்ததில்லை என்பது தெளிவு. ஆனால் அவர்களுடைய சந்தேகத்தில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 1964ல் தம் முதல் உருவத்தைச் செய்தார். ஏறக்குறைய அதே சமயம் மேற்குக் கரையில் டான் புக்லா வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். மூக்கின் கருவிக்குப் புகழ் வந்தது கச்சேரியால் அல்ல, 1968ல் வெண்டி கார்லோஸ் வெளியிட்ட பாஹ் இசைத்தட்டால். ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரம்தான் பேசும் கருவியை வைத்துக்கொண்டு, வரி வரியாக நாடாவில் பதித்து அடுக்கிய வேலை அது. 1969 ஆகஸ்டில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் நேராகக் கூட்டத்தின் முன் வாசித்துக் காட்டினார்கள். 1970ல் வயர்களே இல்லாத மினிமூக் வந்தது. கடைகளிலும் மேடைகளிலும் அதுவே ஜெயித்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் சிறிய அளவில் பலகைகள் செய்யத் தொடங்கிய பிறகுதான் வயர்க் காடு திரும்பி வந்தது. நண்பரின் பெட்டியும் அந்த அளவுக் கணக்கில் செய்ததுதான்.

நமக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. 1969ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் வந்து சேர்ந்தது. அதை நிறுவிக் கொடுத்தவர் டேவிட் ட்யூடர். 1952ல் ஜான் கேஜின் மௌன இசையை முதன்முதலாக மேடையேற்றி, நான்கு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடி பியானோ முன்னால் வாசிக்காமல் உட்கார்ந்திருந்த அதே ட்யூடர். அந்தக் கேஜுக்கு 1946ல் நியூயார்க்கில் நம் ஸங்கீதத்தைக் கற்பித்தவர் கீதா சாராபாய், பக்வாஜ் பயின்றவர். ஸங்கீதம் எதற்காக என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அடக்கித் தெளிவிப்பதற்காக என்ற பொருளில் தம் குருவின் வார்த்தையைச் சொன்னவர். 1964ல் கன்னிங்ஹாம் நடனக் குழுவோடு கேஜும் ட்யூடரும் அகமதாபாத் வந்து போனார்கள். ஆகவே மூக் வந்தது வெறும் இறக்குமதியல்ல. இங்கிருந்து போன ஒரு சொல் சுற்றி வளைத்துக் கருவியாகத் திரும்பியது என்று சொல்லத் தோன்றுகிறது.

கீதா சாராபாய், அதுல் தேஸாய், ஐ.எஸ். மாதுர், எஸ்.ஸி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அந்த ஸ்டூடியோவில் வேலை செய்தார்கள். பிறகு அது ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவன ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. லண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து, 2023ல் இசைத்தட்டாக வெளிவரச் செய்தார். ஒஸாகாவின் 1970 உலகக் கண்காட்சிக்காக தேஸாய் செய்ததும், விண்கப்பலைக் கற்பனை செய்யும் ஜோஷிபுராவினதும், முன்பு ஒரு நாள் தம்புரா வாசித்தேன் என்ற பொருளில் மாதுர் தலைப்பிட்டதும் அதில் உண்டு. 1969தான் இஸ்ரோ பிறந்த வருஷம். அதை ஸ்தாபித்த விக்ரம் சாராபாய் கீதாவின் சகோதரர். விண்கப்பல் கற்பனை ஆகாயத்திலிருந்து விழவில்லை.

இந்தத் தட்டு வந்ததும் நம் பத்திரிகைகளில் எழுந்த குரல், அப்போதே நம்மிடம் இருந்தது பார் என்ற பெருமைக் குரல். எனக்கு இந்தப் பெருமை அலுப்பூட்டுகிறது. இருந்ததா என்பது கேள்வியல்ல. ஏன் தொடரவில்லை என்பதே கேள்வி. கருவி இருந்தது. திறமை இருந்தது, பணமும் ஓரளவு இருந்தது. இல்லாதது ரஸிகன். அவர்கள் செய்தது ஸ்டூடியோ வேலை. நாடாவில் பதித்து, வெட்டி, ஒட்டி, கண்காட்சிக்கும் காட்சிகளுக்கும் கொடுத்தார்கள். வாரம் ஒரு தரம் இருபது பேர் முன்னால் உட்கார்ந்து, தவறி, மறு வாரம் அதே இருபது பேர் முந்தின வாரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து கேட்கும் ஓர் இடம் உருவாகவில்லை. கேட்டவன் இருந்தால் காப்பகத்தில் தேட வேண்டியிருந்திருக்காது, யார் காதிலாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது அந்தச் சந்தேகத்தின் நியாயத்துக்கு வரலாம். நம் கச்சேரியில் நிரவலும் கல்பனாஸ்வரமும் மனோதர்மம். ஆனால் எதிரே இருப்பவன் தொடையில் தாளம் போடுகிறான். எடுப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியும். பாடகர் எவ்வளவு தூரம் போய்விட்டார், திரும்பி வந்து சேருவாரா என்ற பயத்தில் அவனுக்கும் பங்குண்டு. மாடுலர் கச்சேரியில் ஆபத்து நிஜம். சீக்வென்ஸரின் ஒரு குமிழை அரை சுற்றுத் திருப்பினால் எல்லாம் குலையக்கூடும். ஆனால் இது வாசிக்கிறவனின் அந்தரங்க ஆபத்து. கேட்கிறவனுக்கு எது தவறு, எது நினைத்துச் செய்தது என்று தெரிய வழியில்லை. கேட்பவனுக்குப் புலப்படாத ஆபத்து கலையில் ஆபத்தாகக் கணக்கில் சேராது. இந்தக் குறையை மறைக்க வயர்க் காட்டை விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நான் பார்த்த பதிவுகளில் பாதிக்கு மேல், ஒரு முடிவும் எடுக்காமல் நாற்பது நிமிஷம் முழங்கிக்கொண்டிருப்பவை. முடிவெடுக்காமலிருப்பதைத் தியானம் என்று அழைப்பது கேஜுக்கும் கீதா சாராபாய்க்கும் செய்யும் அநியாயம்.

நண்பரின் கச்சேரியும் இருபது நிமிஷம் அப்படித்தான் போயிற்று. சுத்தமான, அழகான ஒலிகள். யாருடையதாகவும் இருக்கலாம். அப்புறம் இன்னொரு ஸ்பீக்கரை அடுத்த பிளக்கில் செருகினார். ஹம் கிளம்பியது. எர்த் சரியில்லாத வீடுகளில் வரும் அந்த ரீங்காரம், மின்சாரத்தின் ஐம்பது ஸைக்கிளும் அதன் மேல்ஸ்தாயியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த சப்தம். டிரான்ஸ்ஃபார்மரில், ஃபிரிஜ்ஜில், ஷிஃப்ட் நேரத்துப் பட்டறையில் நாள் முழுக்கக் கேட்பது. அவர் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார், வயரை மாற்றினார், போகவில்லை. பிறகு ஒரு ஆஸிலேட்டரை மெதுவாக அதன் பக்கம் நகர்த்தினார். இரண்டு சுருதிகளும் உரசி அடித்தன. தம்புராவைச் சேர்க்கும்போது போல அடிப்பு மெதுவாகி, நின்றது. நிற்கவும் இல்லை. மின்சாரத்தின் ஸைக்கிள் சரியாக ஐம்பதில் நிற்பதில்லை. எங்கோ சுமை கூடினால் இறங்கும், குறைந்தால் ஏறும். அவர் கை குமிழை விடவேயில்லை. ஐந்து நிமிஷம் அதைத் துரத்தினார், அதன் மேல் பஞ்சமத்தை வைத்தார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின் தொகுப்பு மற்ற தொகுப்புகளோடு இணைக்கப்பட்டது. அதிலிருந்து வடக்குப்பட்டின் ஹம்மும் அகமதாபாத்தின் ஹம்மும் ஒரே சுருதி. 1969ல் அப்படியில்லை. நண்பரின் விரல் அன்று துரத்தியது தேசம் முழுவதன் சுமையை. இதைச் சின்னமாக்கி ஊத எனக்கு விருப்பமில்லை. எனக்கு முக்யம், அந்த ஐந்து நிமிஷம் மட்டும் ஏன் ஸங்கீதமாயிற்று என்பது. கேட்பவனுக்கு முன்னமே தெரிந்த ஒன்று அறையில் இருந்தது. ஆகவே அவருடைய முடிவு முடிவாகக் கேட்டது. எடுப்பு எங்கே என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இதை அன்றே அவரிடம் சொன்னேன். மற்ற முப்பது நிமிஷம் தேவையில்லை என்றும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எர்த் ஃபால்ட் சார் அது. ஃபாக்டரில நான் அத ரசிச்சிட்டு நின்னா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. எட்டு மணி நேரம் அதத்தான் தொரத்துறேன். இங்கயாவது அது இல்லாம ஒண்ணு இருக்கட்டும்னுதான இத்தன நாள் கட்டினேன்."

எனக்குப் பதில் இல்லை. அடகுச் சீட்டு எழுதிய கை என்னுடையது. எதற்காக அந்த வளையல்கள் போயின என்பதை நான் கேட்கவேயில்லை, படிவத்தை மட்டும் நிரப்பினேன் என்று இப்போது தெரிந்தது. தொழிற்சாலையிலிருந்து வருகிறவன் தொழிற்சாலையின் சப்தத்தைக் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவனின் ஆசை. நம் விமர்சனத்தில் இது நீண்டகால வியாதி. விவசாயி மண்ணைத்தான் எழுத வேண்டும் என்போம். அகமதாபாத்தில் மில் சங்குகளுக்கிடையே ஒருவர் விண்கப்பலைக் கேட்டார். அது தப்பித்தல் என்றால் கலையின் பாதி தப்பித்தல்தான்.

இருந்தும் என் தீர்ப்பை மாற்றிக்கொள்ள முடியவில்லை. காரணத்தை மாற்றிக்கொள்கிறேன். ஹம் நம் வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதால் அது உயர்ந்ததல்ல. அது எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது, அவ்வளவே. பொதுவான ஒன்றைக் கச்சேரிக்குள்ளேயே உண்டாக்க முடியும். ஒரு ஒலியை வைத்து, அதை நாங்கள் பழகும் வரை பொறுத்து, பிறகு அதிலிருந்து விலகினால் அந்த விலகல் எங்களுக்குக் கேட்கும். சுத்தமான ஒலியாலும் இது முடியும். அவசரப்படாமல், ஒன்றை மட்டும் வைக்கத் துணிய வேண்டும். எங்கள் பக்கத்தில், அதே பதினோரு பேர் மறுபடி வர வேண்டும். அகமதாபாத்தில் இல்லாமல் போனது இதுதான்.

மூன்று வாரம் அவர் பேசவில்லை. போன ஞாயிறு வழியில் பார்த்தேன். வீட்டின் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் போட்டுக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிறு மறுபடி வாசிக்கிறாராம்.

"இனி ஹம் வராது சார். நீங்க வேற எதையாவது கேட்டாகணும்" என்றார்.

போகிறேன்.