தொழுவத்துக்குள் குள்ளர்கள்

சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளை மதப் பிரச்சாரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கைகழுவிவிடுவது நம்மாட்களுக்குச் சுலபம். சிங்கம் சாகிறது, உயிர்த்தெழுகிறது. சிங்கம்தான் கிறிஸ்து. அவ்வளவுதானே? இந்த 'அவ்வளவுதானே'யில்தான் சிக்கல். விசுவாசியும் இதே சமன்பாட்டைத்தான் போடுகிறார், நாத்திகரும் இதையேதான் போடுகிறார். ஒருவர் கைதட்டுகிறார், இன்னொருவர் முகம் சுளிக்கிறார். வாசிப்பு என்னவோ ஒன்றுதான். உருவகத்துக்கு விடை கண்டுபிடித்ததும் இருவருக்கும் பிரதி தீர்ந்துபோய்விடுகிறது. அப்படித் தீர்ந்துபோகாமல் மிச்சம் நிற்கிற சில பேர் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

நண்பர்கள் நாலு பேர் கொஞ்ச நாளாக ஜான் பனியன், லூயிஸ், டோல்கீன் என்று கிறிஸ்தவ அதீதப் புனைவுகளைச் சேர்ந்து படித்துப் பேசிவருகிறோம். ஒருவர் இன்னமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இன்னொருவர் கல்லறையில்கூடச் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிவைத்த பங்கில் பிறந்து, அந்தக் கோபத்திலேயே வெளியே வந்தவர். மூன்றாமவர் பள்ளி ஆசிரியை. எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு போய் முட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான்: நார்னியா வரிசையின் ஏழாவதும் கடைசியுமான 'தி லாஸ்ட் பேட்டில்' (1956). அதில் வரும் குள்ளர்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஷிஃப்ட் என்றொரு குரங்கு. அதன் கையில் ஒரு சிங்கத்தோல் கிடைக்கிறது. அதைப் பஸில் என்கிற அப்பாவிக் கழுதைக்குப் போர்த்தி, அஸ்லான் திரும்பி வந்துவிட்டார் என்று குரங்கு அறிவிக்கிறது. அஸ்லானின் பெயரால் மரங்கள் வெட்டப்படுகின்றன. பேசும் விலங்குகள் சுமை இழுக்கின்றன. குள்ளர்கள் கலோர்மென் நாட்டு உப்புக்குழிகளுக்கு அடிமைகளாக ஓட்டிச் செல்லப்படுகிறார்கள். நார்னியாவின் அரசன் டிரியன் வழியில் மறித்து அவர்களை மீட்கிறான். தோல் போர்த்த கழுதையைக் காட்டி, நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்கிறான். ஆரவாரத்தை எதிர்பார்த்து நிற்கிறான். ஆரவாரம் வரவில்லை. ஒரு முறை ஏமாந்தாயிற்று, இனி உன் அஸ்லானும் வேண்டாம், உன் அரசும் வேண்டாம், எங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் குள்ளர்கள் தங்கள் பாட்டுக்கு நடையைக் கட்டுகிறார்கள். ஒருவன் மட்டும், பாக்கின், பிறகு திரும்பி வந்து அரசனோடு சேர்கிறான்.

இதில் ஒரு நுட்பமான இடம் உண்டு. உன் நிஜமான அஸ்லானைக் காட்டு பார்ப்போம் என்று குள்ளர்கள் கேட்கிறார்கள். டிரியன் தடுமாறி, அவர் யார் சொன்னாலும் வந்து நிற்கிற வளர்ப்புச் சிங்கம் இல்லை என்கிற பாணியில் ஒரு பதில் சொல்கிறான். சொன்ன வாயை மூடுமுன்பே தப்பு செய்துவிட்டோம் என்று அவனுக்கே புரிந்துவிடுகிறது. குரங்கின் ஆட்களும் இதே வாக்கியத்தைச் சொல்லித்தானே அவர்களை உப்புக்குழிக்கு அனுப்பினார்கள்! குள்ளர்கள் அந்த வாக்கியத்தை ராகம் போட்டுத் திருப்பிப் பாடிக் கேலி செய்கிறார்கள். முதல் நாவலில் அஸ்லானின் மகத்துவத்தைச் சொன்ன வாக்கியம், கடைசி நாவலில் ஒரு மோசடிக்காரனும் ஒரு நியாயமான அரசனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிற கருவியாகிவிட்டது. லூயிஸ் இதை எழுதியிருக்கிறார் என்பதே ஆச்சரியம். புனிதச் சொல்லாடல் என்பது யார் கையிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும் என்பதை அவருடைய பிரதி ஒரு கணம் ஒத்துக்கொண்டுவிடுகிறது. ஒத்துக்கொண்டதற்கான தண்டனையை ஆசிரியர் குள்ளர்கள் தலையில் கட்டுகிறார்.

"ஏமாத்தினவன் பேரும் அஸ்லான், காப்பாத்த வந்தவன் பேரும் அஸ்லான். ரெண்டு பேரும் ஒரே வசனம் பேசறான். இவங்க எதை வச்சு நம்பணும்?" என்று கேட்டார் கல்லறை விவகாரத்தில் வெளியே வந்த நண்பர். கோயிலுக்குப் போகிற நண்பர் விடவில்லை. "நீங்க குதிரைங்களை மறந்துட்டீங்க" என்றார். அவர் சொன்னது சரி. இறுதிச் சண்டையில் குள்ளர்கள் கலோர்மென் படையை நோக்கியும் அம்பு விடுகிறார்கள், டிரியனுக்கு உதவ ஓடிவந்த பேசும் குதிரைகளையும் வீழ்த்துகிறார்கள். படிக்கவே தாங்காத பக்கம் அது. இதைச் சொல்லாமல் குள்ளர்களைக் கலகக்காரர்களாக்கி மாலை போடுவது கள்ள வாசிப்பு. ஆனால் கதை கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் கேட்க வேண்டும். மறுப்பவர்களைக் கொலைகாரர்களாகவும் ஆக்கினால்தானே மறுப்பையே குற்றமாக்க முடியும்? குதிரைகள் சாகாமல் இருந்திருந்தால், குள்ளர்கள் சொன்னதற்கு டிரியனிடம் பதில் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தால் எதுவுமில்லை.

கடைசியில் அவர்களும் தொழுவத்துக்குள் தூக்கி எறியப்படுகிறார்கள். அந்தத் தொழுவம் உள்ளே போனால் சொர்க்கமாக விரிகிறது. குள்ளர்களுக்கு மட்டும் இருட்டு. லூசி காட்டுப் பூக்களை மூக்கருகே நீட்டினால் சாணிக் குப்பை நாறுகிறது. அஸ்லான் விருந்து படைத்தால் வைக்கோலும் அழுகல் கிழங்கும் தொட்டித் தண்ணீருமாக ருசிக்கிறது. சிறை அவர்கள் மனசுக்குள்தான் இருக்கிறது என்று தீர்ப்பாகிறது. இந்தத் தீர்ப்பை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்! விடுதலை வந்துவிட்டது, உனக்குத்தான் பார்க்கக் கண்ணில்லை என்று கட்சியும் சொல்லும், திருச்சபையும் சொல்லும், அரசும் சொல்லும்.

இதே தொழுவத்துக்குள் தானாக விரும்பி நுழைகிறவன் எமெத். கலோர்மென் படையின் இளம் அதிகாரி, டாஷ் என்கிற கடவுளை உண்மையாகத் தேடியவன். எமெத் என்றால் ஹீப்ரு மொழியில் உண்மை. உள்ளே அவன் சந்திப்பது அஸ்லானை. நீ டாஷுக்குச் செய்த நல்ல சேவையெல்லாம் எனக்குச் செய்ததாகவே கணக்கு, என் பெயரால் ஒருவன் கொடுமை செய்தால் அது டாஷுக்குப் போய்ச் சேரும் என்கிற ரீதியில் அஸ்லான் பேசுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு (1962) முன்பே, கார்ல் ரானரின் 'பெயரறியாக் கிறிஸ்தவர்' என்கிற கருத்து பரவலாகப் பேசப்படுவதற்கும் முன்பே, ஒரு ஆங்கிலிக்கன் எழுத்தாளர் குழந்தைகள் புத்தகத்தில் தலைப்பாகை கட்டிய எதிரிச் சிப்பாயைச் சொர்க்கத்துக்குள் விட்டார். சின்ன விஷயமில்லை. இதனாலேயே அவரைச் சந்தேகித்த சுவிசேஷ வாசகர்கள் உண்டு.

ஆனாலும் அந்தக் கணக்குப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். நல்லதெல்லாம் இவர் பக்கம் வரவு, கெட்டதெல்லாம் அவர் பக்கம் பற்று. எமெத் உள்ளே வரலாம். அவன் கடவுள் வர முடியாது. அவன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை இன்னொருவர் பெயருக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் வரலாம். ஆசிரியை இதில் மறுபாதியைப் பிடித்துக்கொண்டார். "அஸ்லான் பேரால நடந்த கொடுமையெல்லாம் டாஷ் கணக்குல போயிட்டா, அஸ்லானோட சரித்திரத்துல கறையே இருக்காது இல்லையா?" அடிமைக் கப்பல்கள், காலனியம் எல்லாமே வேறு யாரோ ஒரு கடவுளின் காரியமாகிவிடும். கறுத்த முகம், வளைந்த வாள், அடிமைச் சந்தை என்று கலோர்மெனைக் கட்டியெழுப்பிய அதே கைதான் இந்தக் கணக்கையும் எழுதுகிறது. (ஒரு வேடிக்கை: 1954ல் வந்த 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' நாவலில், இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பதுபோலக் கலோர்மெனில் கதை சொல்லக் கற்பிப்பதாக லூயிஸ் எழுதுகிறார். கதை கேட்க எந்த நாடு நல்ல நாடு என்பதில் அவர் ரசனைக்குக் குழப்பமே இல்லை.)

சூசன் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பிலிப் புல்மன் 1998ல் இதை வைத்து லூயிஸைக் கடுமையாகத் தாக்கினார். நீல் கெய்மன் 2004ல் ஒரு கதையே எழுதினார். லிப்ஸ்டிக், நைலான், விருந்து அழைப்பு என்று அலைகிறவள் என்று சொல்லி அவள் கழற்றிவிடப்படுகிறாள். அவள் தன் வழியில் வந்துசேரலாம் என்ற பொருளில் லூயிஸ் 1957ல் ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதியதும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அவளை விலக்கப் பயன்படும் சொல். அவள் பாவி என்றோ நம்பிக்கையற்றவள் என்றோ பீட்டர் சொல்வதில்லை. அவள் இப்போது நார்னியாவின் 'நண்பர்' இல்லை, அவ்வளவுதான். நட்புதான் இங்கே எல்லைக்கோடு.

இந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் மாக்டலன் கல்லூரியில் லூயிஸின் அறையில் வியாழன் இரவுகளில் கூடிய இன்க்ளிங்ஸ் குழாம். டோல்கீன், ஓவன் பார்ஃபீல்ட், சார்ல்ஸ் வில்லியம்ஸ், ஹியூகோ டைசன் என்று எல்லாரும் ஆண்கள். எழுதியதை வாசிப்பார்கள், அடித்துத் துவைப்பார்கள். லூயிஸ் கிறிஸ்தவரானதே நட்பின் விளைவு என்று சொல்லலாம். 1931 செப்டம்பரில் டோல்கீனும் டைசனும் அவரோடு கல்லூரித் தோட்டத்துப் பாதையில் நடந்து நடு இரவு தாண்டியும் தொன்மம் பற்றிப் பேசினார்கள்; சில நாட்களில் அவர் விசுவாசியானார். வில்லியம்ஸுக்கும் லூயிஸுக்கும் நெருங்கிய தோழி டோரதி சேயர்ஸ். அவரும் கிறிஸ்தவ எழுத்தாளர்தான். அவர் அந்த அறைக்கு வந்ததில்லை. 1960ல் வந்த 'தி ஃபோர் லவ்ஸ்' நூலில் ஆண்களின் நட்புக்குள் பெண்கள் நுழைந்தால் என்ன கெடும் என்று லூயிஸ் விளக்குவதைப் படித்தால் சூசன் ஏன் வெளியே நிற்கிறாள் என்பது பாதி விளங்கிவிடும். இத்தனைக்கும் உள்வட்டங்களின் மோகம் மனுஷனை எப்படிக் கெடுக்கும் என்று 1944லேயே லண்டன் மாணவர்களிடம் அவர் ஒரு உரை நிகழ்த்தியிருக்கிறார். தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை.

டோல்கீனுக்கு நார்னியா பிடிக்கவில்லை. உருவகக் கதை என்பதே அவருக்கு ஆகாது. உருவகத்தில் ஆசிரியரின் ஆதிக்கம் இருக்கிறது, வாசகரின் சுதந்திரம்தான் எனக்கு வேண்டும் என்கிற அர்த்தத்தில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். பார்த் ஆசிரியரின் மரணத்தை அறிவிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழமைவாதக் கத்தோலிக்கர் இப்படிப் பேசியிருக்கிறார். அவருடைய தெற்கத்திக்காரர்களும் கறுப்பர்கள்தான், எதிரிகள்தான். ஆனால் செத்து விழுந்த ஒரு தெற்கத்தி வீரனைப் பார்த்ததும் தோட்டக்காரன் சாம் யோசிக்கிறான்: இவன் பெயர் என்ன, உண்மையிலேயே கெட்டவனா, வீட்டிலேயே இருந்திருக்க ஆசைப்பட்டிருப்பானா? எமெத்துக்குக் கிடைத்த சொர்க்கத்தைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. இங்கே யாரும் யாரையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. அதே சமயம் வாசகரின் சுதந்திரம் யார் கைக்குப் போகும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 1960களில் அமெரிக்கப் போர் எதிர்ப்பு இளைஞர்கள் ஃப்ரோடோ பெயரில் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். 1977ல் இத்தாலியின் நவபாசிச இளைஞர்கள் தங்கள் முகாமுக்கு 'கேம்போ ஹாபிட்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த மரபின் முன்னோடி ஆக்ஸ்ஃபோர்டு அறையில் பிறந்தவரில்லை. ஜான் பனியன் ஓட்டைப் பாத்திரம் அடைத்துக் கொடுக்கும் தொழில் பார்த்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660லிருந்து 12 வருஷம் பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தவர். 1678ல் வெளிவந்த 'தி பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' நூலையும் பெயினின் 'மனித உரிமைகள்' நூலையும் ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் இரண்டு அடிப்படைப் பிரதிகள் என்பார் ஈ. பி. தாம்சன். ஏன் என்பது மாயச் சந்தையின் நீதிமன்றக் காட்சியைப் படித்தால் தெரியும். நீதிபதிக்கும் ஜூரிகளுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர்களே அந்த அமைப்பின் மீதான குற்றப்பத்திரிகை. அவநம்பிக்கை என்கிற அரக்கன் பயணிகளைப் பிடித்து அடைப்பதுகூட என் நிலத்தில் ஏன் கால் வைத்தாய் என்று கேட்டுத்தான். பண்ணையார் குரல்! அந்தக் கோட்டைச் சிறையிலிருந்து இருவர் தப்புகிறார்கள். சாவி கிறிஸ்டியனின் மார்புச் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. லூயிஸின் குள்ளர்களுக்குச் சிறை மனசுக்குள் இருந்தது, சாவி இல்லை. பனியனில் சாவியும் கைதியிடமே இருக்கிறது. கூட இருக்கிற ஹோப்ஃபுல் அவனுக்குக் குழாமின் உறுப்பினர் இல்லை, வழித்துணை.

இந்த நூல் 'மோட்ச பிரயாணம்' என்று உரைநடையாகத் தமிழில் புழங்கியது. திருநெல்வேலி வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858ல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதையே விருத்தங்களால் ஆன காப்பியமாக்கி 1894ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என வெளியிட்டார். கம்பனின் வாசனை கமழ்கிறது என்று புலவர்கள் கொண்டாடினார்கள். கமழட்டும். பாத்திரம் அடைக்கிறவனின் பேச்சு அதற்குள் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. "வேளாளர் வீட்டுத் திண்ணையில ஏத்திட்டாங்க" என்றார் நண்பர்.

பனியனையும் தூக்கிவைத்து ஆட வேண்டாம். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இக்னரன்ஸ் என்கிற ஒருவன் தனியாக நடந்து சொர்க்கவாசல் வரைக்கும் வந்துவிடுகிறான். சான்றிதழ் இல்லை. கைகால் கட்டி மலைப்பக்கத்துக் கதவு வழியே நரகத்துக்குள் போடுகிறார்கள். கிறிஸ்டியனும் ஹோப்ஃபுல்லும் அதற்குள் உள்ளே போய்விட்டார்கள். துணை இல்லாமல் வந்தவன் அவன் ஒருவன்தான். கோயிலுக்குப் போகிற நண்பருக்கே அந்த இடம் உறுத்துகிறது. கிருஷ்ண பிள்ளை அவனை என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க அடுத்த கூடுகைக்கு 'இரட்சணிய யாத்திரிக'த்தை எடுத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது.